அந்த எச்சரிக்கை யாருக்கு எழுதப்பட வேண்டும்?

2010ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தின் எட்மன்ரன் நகரில், மதுச்சாலைகளுக்குச் செல்லும் இளைஞர்களின் கண்ணில் படும்படி சில சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. அவற்றில் ஒன்றில், வெறி முற்றிய நிலையில் சோபாவில் குப்புறக் கிடக்கிறாள் ஓர் இளம்பெண், பக்கத்தில் போத்தல்கள். அவள் வேண்டாம் என்று சொல்லாததால் சம்மதித்துவிட்டாள் என்று ஆகாது என்றது அதன் வாசகம். இன்னொன்றில், கால் தள்ளாடும் பெண்ணை ஓர் ஆண் தாங்கிப் பிடித்து அழைத்துச் செல்கிறான். வீடு சேர்வதற்கு உதவியவனுக்கு அவள் உடல்மீது உரிமை வந்துவிடாது என்று அது சொன்னது. எல்லாச் சுவரொட்டிகளும், 'அந்த ஆளாக நீ இருக்காதே' என்ற ஒரே கட்டளையில் முடிந்தன.

நகரப் பொலிஸாரும் பாலியல் வன்முறைக்கு எதிராக இயங்கும் உள்ளூர் அமைப்புகளும் சேர்ந்து நடத்திய பிரச்சாரம் அது. அடுத்த ஆண்டு வன்கூவர் பொலிஸாரும் அதை எடுத்துக்கொண்டார்கள். 2011இல் தங்கள் நகரில் பதிவான பாலியல் தாக்குதல்கள் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தன என்றும் அறிவித்தார்கள். அந்தக் குறைவுக்குச் சுவரொட்டிகளே காரணம் என்று நான் வாதிடப்போவதில்லை. முறைப்பாடுகளின் எண்ணிக்கை பல காரணங்களால் ஏறும், இறங்கும். ஓர் ஆண்டின் கணக்கை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. மதுவையும் பாலியல் வன்முறையையும் சேர்த்துப் பேசும் அறிவுரைகள் காலங்காலமாகப் பெண்ணைப் பார்த்தே பேசிவந்த உலகத்தில், ஒரு பொலிஸ் திணைக்களம் தன் பெயரையும் முத்திரையையும் போட்டு, குற்றம் செய்யக்கூடியவனைப் பார்த்துப் பேசியது.

அது எவ்வளவு அரிதான செயல் என்பதற்கு, ஏறத்தாழ அதே காலத்தில் எல்லைக்கு அப்பால் வெளியான ஒரு விளம்பரமே சாட்சி. 2011இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தின் மதுக் கட்டுப்பாட்டுச் சபை, அளவுமீறிக் குடிப்பதைத் தடுக்கும் நோக்கத்தோடு ஒரு படத்தை வெளியிட்டது. குளியலறைத் தரையில் ஒரு பெண்ணின் கால்கள் மட்டும் தெரிகின்றன; உள்ளாடை கணுக்காலில் கிடக்கிறது. அவளுக்கு விருப்பமில்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை என்பது வாசகம். குடித்த இரவில் தோழியைக் கவனித்துக்கொள்ளாவிட்டால் என்ன நடக்கும் என்று அந்த விளம்பரம் நண்பர்களிடம் கேட்டது. குடித்த பெண் அதில் இருந்தாள், கவனிக்கத் தவறிய நண்பர்கள் இருந்தார்கள். அந்தக் குளியலறைக்குள் போனவன் மட்டும் படத்திலும் இல்லை, வாசகத்திலும் இல்லை. கண்டனம் எழுந்ததும் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2015இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பொலிஸார், இரவில் வெளியே போகும் தோழியைத் தனியே விட்டுவிடாதே என்று பெண்களை எச்சரித்து ஒட்டிய சுவரொட்டிக்கும் அதே கதிதான் நேர்ந்தது.

இவற்றை உருவாக்கியவர்கள் கொடியவர்கள் அல்லர். ஒரு பெண்ணுக்கேனும் இப்படி நேராமல் தடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில்தான் அவர்கள் வேலை செய்திருப்பார்கள். ஆனால் நல்லெண்ணத்தால் மட்டும் ஒரு பொது எச்சரிக்கை நல்லதாகிவிடாது என்பதைச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஏனென்றால் நம்மவர்களிடையே இந்த விவாதம் எப்போது தொடங்கினாலும் ஒரு குறிப்பிட்ட கேள்வியில் வந்து முட்டி நின்றுவிடுகிறது.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில், செப்டெம்பரில் பல்கலைக்கழகம் போகவிருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காகக் கோடை முடிவில் தமிழில் நடக்கும் கலந்துரையாடல்களில் நானும் பேசுகிறேன். பிள்ளை முதன்முதலாக வீட்டை விட்டு விடுதிக்குப் போகும் காலம் அது. கல்விக்கடன், சாப்பாடு, குளிர் உடுப்பு என்று எல்லாம் பேசி முடிந்த பிறகு, யாராவது ஒரு தாய் தயங்கித் தயங்கி இந்த விடயத்துக்கு வருவார். "பிள்ளை, குடிக்காதே எண்டு பெத்த பிள்ளைக்குச் சொல்லுறதும் பிழையோ? வீட்டைப் பூட்டிக்கொண்டு போ எண்டு சொன்னால் நாங்கள் கள்ளனுக்குப் பரிஞ்சு பேசுறம் எண்டு அர்த்தமோ?" என்று ஒரு அக்கா கேட்டார். மண்டபத்தில் இருந்த பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

பிழையில்லை அக்கா என்றுதான் நான் சொன்னேன். தாய் மகளுக்குச் சொல்வதில் பிழையேதும் இல்லை. அளவுமீறிய மது ஒருவரின் மதிப்பீட்டை மங்கச் செய்யும், அசைவைத் தளர்த்தும், ஆபத்தை உணரும் வேகத்தைக் குறைக்கும். இது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஒரே நிறையுடைய ஆணும் பெண்ணும் ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் இரத்தத்தில் மதுவின் செறிவு கூடுதலாக இருக்கும், ஏனென்றால் பெண்ணின் உடலில் நீரின் பங்கு குறைவு. இந்தத் தகவலைப் பதினெட்டு வயதுப் பெண்ணிடமிருந்து மறைப்பது எந்தப் பெண்ணுரிமைக் கொள்கையும் கேட்கும் காரியம் அல்ல. ஆனால் வீட்டுப் பூட்டு உவமை இரண்டு இடங்களில் உடைகிறது. பூட்டு, கள்ளன் வெளியே இருக்கிறான் என்று எடுத்துக்கொள்கிறது. பாலியல் தாக்குதல்களில் பெரும்பாலானவற்றைச் செய்பவனோ ஏற்கெனவே அறிமுகமானவன், பல வேளைகளில் அவளை வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று முன்வந்தவன். அடுத்தது, பூட்டாத வீட்டில் களவு போனால் பொலிஸார் கள்ளனைத் தேடுவார்களே தவிர, வீட்டுக்காரர் பொருட்களைக் கொடுக்கச் சம்மதித்தாரா என்று இரண்டு ஆண்டுகள் விசாரிக்க மாட்டார்கள்.

தாய் சொல்லும் அறிவுரைக்கும் அரசு ஒட்டும் சுவரொட்டிக்கும் இடையிலுள்ள வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது. தாயின் சொல் ஒருத்தியின் காதுக்கு மட்டும் போகிறது. அதை மீறினாலும் தாய் தாயாகவே இருப்பாள் என்ற உறவு அதன் பின்னால் நிற்கிறது, அல்லது நிற்க வேண்டும். சுவரொட்டியை எல்லாரும் வாசிக்கிறார்கள். நாளை முறைப்பாடு எழுதப்போகும் பொலிஸ்காரர் வாசிக்கிறார், நாளை ஜூரியாக உட்காரப்போகும் குடிமகன் வாசிக்கிறார், எந்தப் பெண்ணைத் தொட்டால் யாரும் அவளை நம்ப மாட்டார்கள் என்று கணக்குப் போடுகிறவனும் வாசிக்கிறான். போன கிழமைதான் அது நேர்ந்துவிட்ட பெண்ணும் அதை வாசிக்கிறாள். எச்சரிக்கை வாசகங்களை எழுதுகிறவர்கள் இந்தக் கடைசி வாசகியை மறந்துவிடுகிறார்கள் என்பதே என் முதன்மையான குறை. 'குடித்தால் இப்படித்தான் நடக்கும்' என்ற வாசகம், இன்னும் எதுவும் நேராத பெண்ணுக்கு எச்சரிக்கையாகத் தெரியலாம். நேர்ந்துவிட்டவளுக்கு அது தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பின் விளைவு மௌனம். கனடாப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய ஆய்வின்படி, பாலியல் தாக்குதல்களில் 6 சதவீதமே பொலிஸாருக்குத் தெரியவருகின்றன. ஆய்வாளர்கள் வேறு காரணங்களையும் சொல்கிறார்கள். எங்கள் வீடுகளைப் பொறுத்தவரை எனக்குத் தெரிந்த காரணம் மிக எளிமையானது. நேர்ந்ததை அம்மாவிடம் சொல்ல வேண்டுமென்றால், பேச்சை 'நான் குடித்திருந்தேன்' என்ற வரியிலிருந்து தொடங்க வேண்டும். குடிக்காதே என்று நூறு தரம் சொல்லி அனுப்பிய தாயிடம் அந்த வரியைச் சொல்வதைவிட, எதுவுமே நடக்கவில்லை என்று தனக்குள்ளே புதைத்துக்கொள்வது பிள்ளைக்கு இலகுவாக இருக்கிறது. அறிவுரையோடு, 'நீ குடித்திருந்தாலும் எந்த நேரத்திலும் எனக்கு எடு. முதலில் உன்னைக் கூட்டிக்கொண்டு வருவேன், கேள்வி கேட்க மாட்டேன்' என்ற வாக்குறுதியும் சேர்ந்து போகாவிட்டால், அந்த அறிவுரை தாக்கியவனுக்குத்தான் பாதுகாப்பாக முடியும். இதைச் சொல்லும்போது மண்டபத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள், குடிப்பதற்கு அனுமதி கொடுப்பது போல இருக்கிறது என்று. அனுமதி கொடுப்பதும் கொடாததும் அவரவர் வீட்டு விடயம். தொலைபேசியை எடுப்பது அதற்கு அப்பாற்பட்டது.

எங்கள் மாகாணமான ஒன்ராறியோவின் அரசு இதை எங்களைவிட விரைவாகப் புரிந்துகொண்டது என்று சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் கல்லூரியும் பாலியல் வன்முறைக்கென்று தனிக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்றாக்கியது. பின்னர் ஒழுங்குவிதிகள் திருத்தப்பட்டன; பாலியல் வன்முறை பற்றி நல்லெண்ணத்தோடு முறையிடும் மாணவர், சம்பவ நேரத்தில் மது அல்லது போதைப்பொருள் பற்றிய நிறுவன விதிகளை மீறியிருந்தார் என்பதற்காகத் தண்டிக்கப்படக் கூடாது என்ற பாதுகாப்பு 2022 மார்ச்சிலிருந்து கட்டாயமாகியது. குடிப்பதற்குரிய வயது இங்கே 19. பல்கலைக்கழகம் சேரும் பிள்ளைக்கு 17 அல்லது 18 வயது. விடுதியறையில் குடித்ததே விதிமீறல் என்று அஞ்சி வாயை மூடிக்கொண்டவர்களுக்காக வந்த திருத்தம் இது. பெற்றோரில் ஒருவருக்குக்கூட இது தெரிந்திருப்பதில்லை, பிள்ளைகளிலும் பலருக்குத் தெரியாது. நான் பிரச்சாரத்துக்குப் பொறுப்பாக இருந்தால் இந்த ஒரு தகவலைத்தான் ஒவ்வொரு விடுதிக் கதவிலும் ஒட்டுவேன்.

மதுவுக்கும் பாலியல் வன்முறைக்கும் உள்ள தொடர்பை மறுக்க முடியாது. பாலியல் தாக்குதல்களில் ஏறத்தாழ பாதியில், தாக்கியவரோ தாக்கப்பட்டவரோ இருவருமோ மது அருந்தியிருக்கிறார்கள் என்பது வேய்ன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் அன்ரோனியா அபி போன்ற ஆய்வாளர்கள் நெடுங்காலமாக எழுதிவருவது. பிரச்சாரங்கள் இந்தப் பாதியை எடுத்துக்கொண்டு, அதில் தாக்கியவரின் குடியைக் கழித்துவிட்டு, தாக்கப்பட்டவரின் குடியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுகின்றன. குடித்த ஆணைப் பற்றி எச்சரிக்க வேண்டிய தேவை அதே அளவு இருந்தும், 'மகனே, நீ குடித்தால் இன்னொருவரின் மறுப்பைச் சரியாகக் கேட்க மாட்டாய்' என்று சொல்லி அனுப்பிய வீட்டை நான் கண்டதில்லை.

அதைவிடக் கூர்மையான உண்மையொன்று எங்கள் நகரத்திலிருந்தே வந்தது. ஆய்வாளர் கத்தரின் கிரகமும் அவருடைய சகாக்களும் ரொறன்ரோ மதுச்சாலைகளில் பயிற்சி பெற்ற அவதானிகளை அமர்த்திச் சேகரித்த பதிவுகளை வைத்து, 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அங்கே நடந்த பாலியல் சீண்டல்களில் ஏறத்தாழ 90 சதவீதம் ஆண் பெண்ணுக்குச் செய்தவை. சீண்டல் எவ்வளவு அத்துமீறியது என்பதற்கும் செய்தவன் எவ்வளவு குடித்திருந்தான் என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. அந்தப் பெண் எவ்வளவு வெறியில் இருந்தாள் என்பதோடுதான் தொடர்பு காணப்பட்டது. மதுவால் நிதானம் இழந்த ஆண்கள் தவறிழைத்தார்கள் என்று இதற்குப் பொருள் சொல்ல முடியாது. நிதானம் இழந்த பெண்ணை அவர்கள் தெரிந்தெடுத்தார்கள் என்பதே இதிலிருந்து நான் விளங்கிக்கொள்வது. சுற்றியிருந்தவர்களும் மதுச்சாலை ஊழியர்களும் தலையிட்டது அரிது.

இதை வைத்துப் பார்த்தால், குடித்த பெண்ணின் நிலையைப் பயன்படுத்துகிறவனுக்கு மது ஒரு கருவி. தொடர்ந்து ஊற்றிக் கொடுப்பது, மற்றவர்களிடமிருந்து பிரித்து அழைத்துச் செல்வது, மறுநாள் 'அவளும் வெறியில் இருந்தாள், யாருக்கு என்ன ஞாபகம்' என்று சொல்வது எல்லாம் அந்தக் கருவியின் பயன்பாடுகள். கடைசியானது மிக வலுவானது. இரத்தத்தில் மது விரைவாக ஏறும்போது மூளை புதிய நினைவுகளைப் பதிவு செய்வதை நிறுத்திவிடக்கூடும். ஆள் நடப்பார், பேசுவார், சிரிக்கவும் செய்வார், ஆனால் மறுநாள் அந்த மணித்தியாலங்கள் அவரிடம் இருக்கமாட்டா. மயங்கிக் கிடப்பது வேறு, இது வேறு. விசாரணையில் அந்த வெற்றிடத்தையே பொய்யின் அடையாளம்போல் காட்டுவதைக் கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கும் அவசியம் எனக்கில்லை.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதைப் பெற்றோரிடம் விளக்க நான் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் சட்டம் சுவரொட்டிகளைவிட முன்னே போய்விட்டது. 1992இல் கனடாவின் குற்றவியல் சட்டத்தில் ஒரு விதி சேர்க்கப்பட்டது: அவள் சம்மதித்தாள் என்று நான் தவறாக நம்பிவிட்டேன் என்று சொல்கிறவர், அந்தத் தவறான நம்பிக்கை தானாகக் குடித்த வெறியால் வந்திருந்தால், அதை எதிர்வாதமாக வைக்க முடியாது. 1999இல் எட்மன்ரன் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், மறைமுகச் சம்மதம் என்ற எதிர்வாதமே பாலியல் தாக்குதலுக்குக் கிடையாது என்று தீர்த்தது. அந்த வழக்கில், அல்பேர்ட்டா மேன்முறையீட்டு நீதிபதி, பதினேழு வயதுப் பெண்ணொருத்தி எவ்விதம் உடுத்து வந்தாள் என்பதைப் பற்றியெல்லாம் எழுதியிருந்தார்; உச்ச நீதிமன்ற நீதிபதி க்ளேர் லெரூ-டுபே அதைக் கடுமையாகக் கண்டித்தார். 2011இல், நினைவற்று இருப்பவர் முன்கூட்டியே சம்மதித்திருக்க முடியாது, சம்மதம் அந்தந்தக் கணத்தில் உணர்வோடு இருக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2021இல் சம்மதிக்கும் ஆற்றல் என்பது என்னவென்று அது வரையறுத்தது. நடக்கும் செயல் என்னவென்று, அது பாலியல் தன்மையுள்ளது என்று, எதிரில் இருப்பவர் யாரென்று, மறுக்கும் உரிமை தனக்கு உண்டு என்று ஒருவர் விளங்கிக்கொள்ளக்கூடியவராக இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்றேனும் இல்லையென்றால் அங்கே சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் சட்டப் புத்தகத்துக்கும் தீர்ப்புக்கும் இடையில் நீண்ட தூரம் இருக்கிறது. 2017இல் ஹலிபக்ஸ் நகரத்து நீதிபதி ஒருவர், வாடகைக் காரின் பின்னிருக்கையில் நினைவற்று, பெரும்பாலும் ஆடையின்றிக் கண்டெடுக்கப்பட்ட பெண்ணின் வழக்கில் சாரதியை விடுதலை செய்தபோது, வெறியில் இருப்பவராலும் சம்மதிக்க முடியும் என்று சொன்னார். வீதியில் மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம், சம்மதமின்மைக்குச் சூழ்நிலைச் சான்றுகள் இருந்தும் நீதிபதி அவற்றைக் கருத்தில் கொள்ளத் தவறினார் என்று கூறி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. மறுவிசாரணையும் விடுதலையில்தான் முடிந்தது. வெறியில் இருப்பவர் சம்மதிக்கலாம் என்ற கூற்று சட்டப்படி முற்றிலும் தவறானதும் அல்ல. இரண்டு கிளாஸ் குடித்தவரின் சம்மதமும் சம்மதமே. எல்லை எங்கே என்பது வழக்குக்கு வழக்கு மாறும் கடினமான கேள்வி. அந்தக் கடினமான கேள்வியின் முழுப் பாரத்தையும், இரத்தத்தில் வாகனம் ஓட்டுவதற்கான சட்ட அளவைவிடப் பல மடங்கு மதுவோடு நினைவற்றுக் கிடந்தவரின் தோளில் ஏற்றியதுதான் மக்களின் கோபத்துக்குக் காரணம்.

2022 மேயில், தன் செயல்மீது தனக்கே கட்டுப்பாடு இல்லாத, தன்னியக்கம் போன்ற அதீத போதை நிலையில் செய்த வன்முறைக்கு அந்த நிலையை எதிர்வாதமாக முன்வைப்பதைத் தடுத்த சட்டப்பிரிவை உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தபோது, குடித்துவிட்டு எதையும் செய்யலாம் என்று இளையோர் சமூக ஊடகங்களில் பேசிக்கொண்டார்கள். அது முழுத் தவறு. சாதாரண வெறி பாலியல் தாக்குதலுக்கு எதிர்வாதம் ஆகாது என்பதை நீதிமன்றம் அதே தீர்ப்பில் தெளிவாகவே எழுதியது. நாடாளுமன்றமும் சில வாரங்களுக்குள் புதிய பிரிவை நிறைவேற்றியது. அந்த வதந்தியைத் திருத்தும் ஒரு சுவரொட்டியைக்கூட அந்தக் கோடையில் நான் காணவில்லை.

பெண்களுக்குப் பாதுகாப்புக் கற்பிக்கவே கூடாது, ஆண்களுக்கு மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று சில தோழிகள் வாதிடுவார்கள். அதிலுள்ள நியாயம் எனக்குத் தெரியும், ஆனாலும் நான் உடன்படவில்லை. காரணம், வின்சர் பல்கலைக்கழகத்தின் சார்லின் சென் தலைமையில் மூன்று கனேடியப் பல்கலைக்கழகங்களில் நடந்து, 2015இல் புகழ்பெற்ற மருத்துவ சஞ்சிகையொன்றில் வெளியான ஆய்வு. முதலாண்டு மாணவிகள் 893 பேர் அதில் பங்குபற்றினார்கள். ஒரு பகுதியினருக்கு மூன்று மணித்தியாலங்கள் வீதம் நான்கு அமர்வுகள் நடத்தப்பட்டன. மற்றவர்களுக்கு வழக்கமான துண்டுப்பிரசுரங்கள் கொடுக்கப்பட்டன. ஓராண்டுக்குப் பிறகு, பிரசுரம் பெற்றவர்களில் 9.8 சதவீதத்தினருக்கு வன்புணர்வு நேர்ந்திருந்தது. பயிற்சி பெற்றவர்களில் 5.2 சதவீதம். வன்புணர்வு முயற்சிகளிலோ வேறுபாடு இன்னும் பெரியது: 9.3க்கு 3.4.

அந்தப் பயிற்சியில் என்ன இருந்தது என்பதுதான் என்னை ஈர்த்தது. குடிக்காதே, இரவில் போகாதே, இப்படி உடுத்தாதே என்ற பட்டியல் அதில் இல்லை. ஓர் ஆணின் எந்த நடத்தைகள் ஆபத்தின் அறிகுறி, மறுப்பைக் காதில் வாங்காதவனை எப்படி அடையாளம் காண்பது, தெரிந்தவன், நண்பனின் நண்பன், நல்லவன் என்று பெயரெடுத்தவன் எல்லை மீறும்போது அவன் மனம் நோகுமே என்ற தயக்கத்தை எப்படித் தாண்டுவது, வாயாலும் உடலாலும் எப்படி எதிர்ப்பது, தனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதைத் தானே எப்படி அறிவது என்பவை இருந்தன. மது அங்கேயும் பேசப்படுகிறது, ஆனால் தாக்குபவன் அதை எப்படிப் பயன்படுத்துகிறான் என்ற கோணத்தில். பலன்கள் இரண்டு ஆண்டுகள் வரை நீடித்தன. பயிற்சி பெற்ற பெண்களிடம், பாதிக்கப்பட்டவர்மீது பழி போடும் நம்பிக்கையும் குறைந்தது. பெண்ணுக்குப் பாதுகாப்பு அறிவைக் கொடுப்பதும் அவள்மீது பழியேற்றுவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை அல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியாது. எங்கள் பெண்களுக்கு, 'அண்ணா' என்று கூப்பிட்டுப் பழகியவனுக்கு முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்லும் பயிற்சியைவிட அவசியமானது எதுவுமில்லை.

சுற்றி நிற்பவர்களைப் பற்றியும் ஒரு சொல். 2015 மார்ச்சில் ஒன்ராறியோ அரசு ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தை வெளியிட்டது. விருந்தொன்றில் வெறியில் சாய்ந்திருக்கும் பெண்ணை நெருங்கும் இளைஞன், திரும்பிப் பார்வையாளரைப் பார்த்து, வாயை மூடிக்கொண்டிருப்பதற்கு நன்றி சொல்கிறான். மதுச்சாலையில் ஒருத்தியின் கிளாஸில் எதையோ கலப்பவனும் அப்படியே நன்றி சொல்கிறான். நீ யாருக்கு உதவப்போகிறாய் என்பதுதான் கேள்வி. அதைப் பார்க்கும் எவரும் சாட்சியாக மட்டும் இருந்துவிட முடியாது. பொதுப் பணம் இதற்குத்தான் செலவாக வேண்டும் என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். வெறியில் இருப்பவருக்கு மேலும் மது பரிமாறுவது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். அந்தப் பொறுப்பு மதுச்சாலையின் உரிமத்தோடு வருவது. அதை நினைவூட்டும் பிரச்சாரத்தை ஏன் இவ்வளவு குறைவாகக் காண்கிறோம் என்று நகரசபையிடம் கேட்கலாம்.

தாக்குதல் நேர்ந்த பிறகு செய்யக்கூடியவற்றையும் பெற்றோருக்குச் சொல்கிறோம், மகள்மாருக்குப் போய்ச் சேரட்டும் என்று. ஒன்ராறியோ முழுவதும் வைத்தியசாலைகளில் பாலியல் தாக்குதலுக்கான சிறப்புப் பராமரிப்பு நிலையங்கள் உண்டு, ஸ்காபரோவிலும் உண்டு. பொலிஸாரிடம் போகாமலே அங்கே போகலாம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்க வேண்டும் என்பதால், முடிவெடுக்க நாள்கணக்கில் காத்திருக்கக் கூடாது. சிகிச்சையை முதலில் எடுத்து, முறைப்பாட்டைப் பிறகு யோசிக்கலாம்.

போன தடவை கூட்டம் முடியும் தறுவாயில், பின்வரிசையில் இருந்த ஒரு தகப்பன் எழுந்தார். "தங்கச்சி, எனக்கு ரெண்டும் பெடியள். நான் இவங்களுக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை ஒரு தகப்பனின் வாயிலிருந்து கேட்க நான் நெடுநாள் காத்திருந்தேன். உச்ச நீதிமன்றம் சொன்ன நான்கையும் அவர்களுக்குச் சொல்லுங்கள் அண்ணா என்றேன். தள்ளாடும் பெண்ணிடம், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் பெண்ணிடம், நித்திரையாகிவிட்ட பெண்ணிடம் சம்மதம் கேட்பதற்கே ஒன்றுமில்லை, அவளுக்குத் தண்ணீர் கொடுத்து அவளுடைய தோழியைக் கூப்பிட வேண்டியதுதான் என்று சொல்லுங்கள். நண்பன் அப்படியொருத்தியை அறைக்குக் கூட்டிக்கொண்டு போனால், சிரித்துவிட்டு நிற்காமல் குறுக்கே போய் நிற்கச் சொல்லுங்கள். தாங்களே வெறியில் இருந்தால் அன்றைக்கு யாரையும் நாடிப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏனென்றால் வெறியில் பிழையாக விளங்கிக்கொண்டேன் என்பதைச் சட்டம் ஏற்காது. அவர் தன் தொலைபேசியை எடுத்து ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். பக்கத்தில் இருந்த இன்னொருவர், அதைத் தனக்கும் அனுப்பும்படி கேட்டார். இந்த ஆண்டு அழைப்பிதழில், பெண்பிள்ளைகளின் பெற்றோர் என்றிருந்த இடத்தை மாற்றி, மகன்மாரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று எழுதியிருக்கிறோம்.